ஓட்டமும் ஓய்வும்: கண்டிப் பிரதேசத்தை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுப்பதில்லை' என்பது தமிழ்மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழியாகும். அடுப்படியில் தோன்றிய இம்மொழி விளையாட்டு மைதானத்துக்கும் பெரிதும் பொருந்துவதாகும். இளம் ஓட்ட வீரனொருவன் அதிகாலையில் எழுவான், மேடேறி ஓடுவான், மூச்சு முட்டும்வரை தன்னை வருத்துவான். இவை யாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் அவன், மறுநாள் மெதுவாக ஓடுமாறோ ஓடாமலே இருக்குமாறோ பணிக்கப்படும்போது பொறுக்கமாட்டான். ஓய்வு சோம்பலின் மறுபெயர் என்னும் எண்ணம் மாணவரிடமும் பெற்றோரிடமும், சில வேளைகளில் பயிற்றுவோரிடமும் வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணமாகும். ஆயின் ஓட்டத்தின் வரலாற்றை நோக்குமிடத்து ஓய்வு அதன் உள்ளுறுப்பாகவே இருந்துவந்துள்ளமை புலனாகும். தபால் சுமந்தோரும் பாதை அமைத்தோரும் இயல்பாக அறிந்திருந்த இவ்வுண்மையை நவீன விளையாட்டுலகம் இருபதாம் நூற்றாண்டில் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைப்பிரதேசத்தையும் நிலைக்களனாகக் கொண்டு அவ்வரலாற்றை எடுத்துரைப்பதும், அது இன்றைய இளம் ஓட்டக்காரருக்கு உணர்த்துவது யாதென ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

அஞ்சலும் அம்பலமும்

விளையாட்டுக்காக ஓடுவோர் தோன்றுமுன்னரே தொழிலுக்காக ஓடுவோர் இருந்தனர். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து சிவனொளிபாத மலையையும் தரிசித்த மொறொக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, அதற்கு முன்னர் வட இந்தியாவில் தாம் கண்ட கால்நடை அஞ்சல் முறையை விரிவாக வருணித்துள்ளார். மைலில் மூன்றிலொரு பங்குத் தூரத்துக்கு ஒரு நிலையம். ஓடுபவனின் ஒரு கையில் ஓலை, மறுகையில் மணிகள் கட்டிய கோல். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையத்தில் இருப்பவன் எழுந்து ஆயத்தமாவான். ஓலை கைமாறியதும் முன்னவன் அமர்ந்துவிடுவான். இவ்வாறு சென்ற செய்தி குதிரைத் தபாலினும் விரைந்து சென்றதென்பது அவர் கூற்று. ஒவ்வொருவனும் தன் முழு விசையுடன் ஓட முடிந்தமைக்குக் காரணம், ஓடி முடிந்ததும் அவனுக்கு ஓய்வு உறுதிசெய்யப்பட்டிருந்தமையே. ஆட்கள் மாறிமாறி இளைப்பாறியதால் ஓலை மாத்திரம் இளைப்பாறாது சென்றது.

தென்னிந்தியாவில் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தின் தபால் சேவை 'அஞ்சல்' என்றே பெயர் பெற்றிருந்தது. 1951ஆம் ஆண்டில் இந்தியத் தபால் திணைக்களத்துடன் இணைக்கப்படும்வரை அது தனித்தியங்கியது. மணி கட்டிய கோலுடன் ஓடும் அஞ்சலோட்டக்காரன் அங்கு யாவரும் அறிந்த ஒருவனாவான். இன்று நமது பாடசாலை விளையாட்டுப் போட்டிகளின் நிறைவில் ஆரவாரத்துடன் நிகழும் போட்டியை 'அஞ்சலோட்டம்' என்றே வழங்குகின்றோம். கோலும் கைமாற்றமும் அச்சொல்லோடு நம்மிடம் நிலைத்துவிட்டன. ஓடியவன் அடுத்து ஓய்வான் என்னும் பொருள் மட்டும் மறக்கப்பட்டுவிட்டது.

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமான பின்னர், கொழும்புக்கும் கண்டிக்குமிடையிலான தொடர்பு ஆட்சியாளருக்கு இன்றியமையாததாயிற்று. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில் கடுகண்ணாவைக் கணவாயினூடாகப் பாதை அமைக்கப்பட்டது. அப்பணியில் முன்னின்ற கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. 1832ஆம் ஆண்டில் இப்பாதையில் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867ஆம் ஆண்டில் புகையிரதம் கண்டியை எட்டியது. இவற்றுக்கு முன்னர் ஏறக்குறைய எழுபத்திரண்டு மைல் தூரத்தையும் தபால் கடந்தது மனிதரின் கால்களாலேயே. கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு மீற்றரளவுக்கு உயரும் இவ்வழியை ஒருவனே ஒரே மூச்சில் கடத்தல் இயலாது.

இதே பாதையோரத்தில் கடுகண்ணாவையிலே பழைய அம்பலமொன்று உள்ளது. கண்டிப் பிரதேசத்தின் பழைய வழிகளில் அம்பலங்கள் பல இருந்தன. வழிப்போக்கர் சுமையிறக்கி, நீரருந்தி, மூச்சாறிச் செல்வதற்காக ஊரார் கட்டிய தங்குமிடங்கள் அவை. தமிழ்ப் பிரதேசங்களிலே சுமைதாங்கிக் கற்களும் மடங்களும் ஆற்றிய பணியை இங்கு அம்பலங்கள் ஆற்றின. ஏற்றம் கடினமாகும் இடத்தையும் களைப்பு மிகும் தொலைவையும் அறிந்தே அவை அமைக்கப்பட்டன. ஓய்வைப் பாதையின் ஓர் அங்கமாகக் கருதிய சமூகத்தின் சான்றுகளாக அவற்றைக் கொள்ளுதல் தகும்.

செடிக்கு வாய்த்த ஓய்வு

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் 1820களிற் கோப்பிப் பெருந்தோட்டங்கள் தோன்றலாயின. 1867ஆம் ஆண்டில் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நாட்டினார். கோப்பியை இலைநோய் அழித்தபோது தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையிறங்கி, காடு கடந்து, மாத்தளை வழியாக நடந்தே மலைநாட்டை அடைந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினாலேயே இவ்விரு பயிர்களும் வளர்ந்தன.

தேயிலைச் செய்கையில் ஓய்வுக்கு வரையறுத்த இடமுண்டு. ஒரு மலையிற் கொழுந்து பறித்தபின் ஒரு வார அளவு கழிந்தே அம்மலைக்கு மீண்டும் ஆள் அனுப்பப்படும். துளிர் விடுதற்குக் காலம் வேண்டும் என்பது அதன் காரணம். சில ஆண்டுகளுக்கொரு முறை செடி கவ்வாத்துச் செய்யப்படும். அதன்பின் புதுக் கிளை தழைக்கும்வரை அதிற் கொழுந்து பறிக்கப்படுவதில்லை. இவ்வொழுங்கைப் பேணாது நாள்தோறும் பறித்தால் விளைச்சல் பெருகுவதற்குப் பதிலாகச் செடியே நலிந்துபோகும் என்பதைத் தோட்டத்துரைமார் நன்கறிந்திருந்தனர்.

ஆயின் அச்செடியைப் பேணிய மனிதருக்கு இவ்வறிவு விரிக்கப்படவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்றல் வேண்டும். வேலை குறைந்தால் 'அரைப்பேர்'. வேலைக்கு வராத நாளுக்குப் பேரில்லை. பேரில்லையெனிற் கூலியில்லை. எனவே ஓய்வென்பது கூலியை இழத்தல் என்னும் பொருளையே தொழிலாளர் மனத்திற் பதித்தது. ஓய்வை இழப்பாகக் காணும் மனப்பாங்கு மலையகத்திலே வெறும் தனிமனித இயல்பன்று. அதற்கு ஒரு பொருளாதார வரலாறு உண்டு என்பது இதனாற் பெறப்படும். இவ்வரலாற்றின் வழிவந்த பிள்ளையே இன்று பாடசாலை மைதானத்தில் ஓடுகின்றது என்பதை மறத்தலாகாது.

வெம்பிளியில் ஒரு நாள்

கண்டி நகரின் விளையாட்டு வரலாற்றில் டங்கன் வைற்றின் பெயர் தலையாயது. 1918ஆம் ஆண்டிற் களுத்துறைப் பகுதியிற் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்ற இவர், இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில் லண்டன் ஒலிம்பிக் போட்டியிற் கலந்துகொண்டார். 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தின் ஆரம்பச் சுற்றும் அரையிறுதியும் ஜூலை 30ஆம் திகதியும், இறுதிப்போட்டி 31ஆம் திகதியும் வெம்பிளி மைதானத்தில் நடைபெற்றன. அமெரிக்கரான றோய் கொக்றன் 51.1 செக்கனில் முதலிடத்தையும், வைற் 51.8 செக்கனில் இரண்டாமிடத்தையும் பெற்றனர். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் இதுவே. 2000ஆம் ஆண்டில் சிட்னியிற் சுசந்திகா ஜயசிங்க பதக்கம் பெறும்வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக இதுவே ஒரே பதக்கமாகவும் விளங்கிற்று. 1950ஆம் ஆண்டில் ஒக்லண்டில் நடைபெற்ற பிரித்தானிய சாம்ராச்சிய விளையாட்டுப் போட்டியில் 440 யார் தடைதாண்டி ஓட்டத்தில் வைற் தங்கப்பதக்கமும் வென்றார்.

அதே ஜூலை 31ஆம் திகதி, அதே மைதானத்தில் நிகழ்ந்த மற்றொரு சம்பவம் இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கியது. செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சட்டோபெக் முதல் நாள் 10,000 மீற்றர் ஓட்டத்தில் ஏனையோரை வெகுவாகப் பின்தள்ளித் தங்கப்பதக்கம் வென்றிருந்தார். மறுநாள் 5,000 மீற்றர் தகுதிச் சுற்று. அதில் முதலிடம் பெறவேண்டிய தேவை அவருக்கில்லை. இறுதிப்போட்டிக்குத் தெரிவாதல் உறுதியாகியிருந்தது. இருந்தும் இறுதிச் சுற்றிற் சுவீடன் வீரர் ஆல்டேனை எட்டிப் பிடிக்கும் வேட்கையில் முழு விசையுடன் ஓடினார். அப்பொழுதும் இரண்டாவதாகவே வந்தார். ஆகஸ்ட் 2ஆம் திகதி இறுதிப்போட்டியிற் பெல்ஜியம் நாட்டு றைவ் 14 நிமிடம் 17.6 செக்கனில் வென்றார். இறுதி நேரத்தில் மின்னலெனப் பாய்ந்துவந்த சட்டோபெக் 0.2 செக்கனாற் பின்தங்கினார். வீணே செலவிட்ட அவ்வலிமைதான் தங்கத்தைப் பறித்ததென அறுதியிட்டுரைத்தல் இயலாது. எனினும் எளிதாகக் கழிக்கவேண்டிய நாளைக் கடின நாளாக்கியதன் விலையை எடுத்துக்காட்ட இதனினும் தெளிவான நிகழ்ச்சி அரிது.

ஓய்வைக் கற்ற உலகம்

சட்டோபெக் நாள்தோறும் பல பத்துத் தடவைகள் 400 மீற்றர் ஓடியவர் என்பதும், 1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர் என்பதும் உலகறிந்தவை. அவரைப் பின்பற்றியோர் அவ்வெண்ணிக்கையை மட்டுமே கண்டனர். ஒவ்வோர் ஓட்டத்துக்குமிடையில் அவர் மெல்லோட்டமாக ஓடி மூச்சாறியதைப் பலர் கருத்திற் கொள்ளவில்லை.

இவ்விடைவேளையின் பொருளை முதலில் ஆராய்ந்தோருள் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரைச் சேர்ந்த பயிற்றுநர் கெர்ஷ்லரும் மருத்துவர் ரைன்டெலும் குறிப்பிடத்தக்கவர்கள். வேகமான குறுகிய ஓட்டத்தின்போது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை உயரலாம். அது 120 அளவுக்குத் தணிந்த பின்னரே அடுத்த ஓட்டம் தொடங்கவேண்டும் என்பது அவர்களது முறை. தணியும் அவ்வேளையிலேயே இதயம் வலுப்பெறுகின்றது என்பது அவர்கள் கருத்து. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ப் ஹார்பிக் 1939ஆம் ஆண்டு மிலான் நகரில் 800 மீற்றரை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி நிலைநாட்டிய உலக சாதனை 1955 வரை முறியடிக்கப்படவில்லை.

1936ஆம் ஆண்டில் மொன்றியல் நகரிலிருந்து ஹன்ஸ் செல்யே வெளியிட்ட ஆய்வு விளையாட்டைப் பற்றியதன்று. எனினும் அது பயிற்றுநரின் சிந்தனையை ஆழமாகப் பாதித்தது. உடல் ஒரு நெருக்கடியை எதிர்கொள்ளும்போது முதலில் அதிர்ச்சியுறும். பின்னர் எதிர்த்துத் தாங்கும். நெருக்கடி நீங்காது தொடரின் இறுதியிற் சோர்ந்துவிழும். கடும் பயிற்சியும் ஒரு நெருக்கடியே. அது நீங்கும் இடைவெளி கிடைத்தால் உடல் முன்னையிலும் வலிதாக எழும். கிடைக்காவிடின் சோர்வே எஞ்சும். 1960களிற் சுவீடன் நாட்டு ஆய்வாளரான பேர்க்ஸ்ட்ரோமும் ஹுல்ட்மனும் தசையிலிருந்து ஊசிமூலம் சிறு துணுக்குகளை எடுத்து ஆராய்ந்து, கடும் உழைப்பின்போது தசையிற் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் வற்றுவதையும், தகுந்த உணவாலும் ஓய்வாலும் அது மீள நிரம்புவதையும் காட்டினர். இம்மீட்சிக்கு ஒரு நாளோ அதனிற் கூடிய காலமோ வேண்டியிருக்கலாம். களத்தில் அனுபவத்தால் உணரப்பட்டது இவ்வாறு ஆய்வுகூடத்தில் உறுதிபெற்றது.

நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியார்டின் மாணவரான சினெலும் ஹல்பேர்க்கும் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் முறையே 800 மீற்றரிலும் 5,000 மீற்றரிலும் தங்கம் வென்றனர். வாரம் நூறு மைல் ஓடவைத்தவர் என்று லிடியார்ட் பெயர் பெற்றார். எனினும் அம்மைல்கள் பெரும்பாலும் மூச்சுத் திணறாது ஓடப்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1972 வரை பயிற்றுநராயிருந்த பில் பவர்மன், ஒரு கடின நாளை அடுத்து இலகு நாள் வரவேண்டும் என்பதை விதியாகவே கொண்டார். அவரது மாணவரான கெனி மூர் இவ்விதியை ஏற்காது இலகு நாட்களிலும் நெடுந்தூரம் ஓடிவந்தார். மூன்று வாரங்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மைலுக்கு மேல் ஓடலாகாது, மீறின் அணியில் இடமில்லை எனப் பவர்மன் கட்டளையிட்டார். வேண்டாவெறுப்பாகக் கீழ்ப்படிந்த மூர் அதன்பின் இரண்டு மைல் ஓட்டத்தில் முன்னென்றும் எட்டாத வேகத்தை எட்டினார். பிற்காலத்தில் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் மரதனில் அவர் நான்காமிடம் பெற்றார். எல்லார்க்கும் ஒரே அளவு ஓய்வு போதாது என்பதும், ஒருவருக்கு ஒருநாள் போதுமாயின் மற்றொருவருக்கு இரண்டோ மூன்றோ நாட்கள் வேண்டலாம் என்பதும் இதனால் விளங்கிய மேலதிக உண்மையாகும்.

வளரும் உடல்

மேற்கூறியவை முதிர்ந்த வீரருக்கு உரியன. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு வளர்ச்சியே ஒரு கடும் உழைப்பாகும். எலும்பு விரைந்து நீளும் பருவத்தில் தசையும் தசைநாரும் அதற்கு ஈடுகொடுக்க இயலாது இழுபடும். முழங்காலுக்குக் கீழே தசைநார் எலும்புடன் பொருந்துமிடத்தில் இதனால் எழும் நோவை 1903ஆம் ஆண்டிலேயே ஒஸ்குட், ஸ்லாற்றர் என்னும் இரு மருத்துவர் தனித்தனியே விபரித்தனர். 'வளர்ச்சி நோவு' என்று புறக்கணித்து ஓடவைத்தால் அது முற்றும். சுமையைக் குறைத்தாற் பெரும்பாலும் தானே தணியும். பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவும், போதிய உணவின்றி ஓடுவதால் மாதவிடாய் தடைப்படுதலும், அதன் வழி எலும்பு நலிதலும் மேலதிக அபாயங்களாகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையில், இளையோருக்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாட்கள் பயிற்சியினின்று முழு விடுப்பும், ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் குறித்த விளையாட்டினின்று விலகலும் வேண்டும் என்று வலியுறுத்தியது.

இலகு ஓட்டம் என்பது யாது என்னும் வினாவும் இங்கு எழும். அருகில் ஓடுபவருடன் இடையறாது உரையாடிக்கொண்டு ஓடக்கூடிய வேகமே அதன் அளவுகோல். சொற்கள் துண்டுபடத் தொடங்கின் அது இலகு ஓட்டமன்று. இவ்வோட்டம் தசைகளுக்கு இரத்தவோட்டத்தைப் பெருக்கி மீட்சிக்கு உதவும். காய்ச்சல், கூரிய நோவு, தூக்கமின்மை, காலையில் வழமைக்கு மாறாக உயர்ந்த நாடித்துடிப்பு என்பன காணப்படும் நாளில் அதுவும் தவிர்க்கப்படுதல் வேண்டும்.

கண்டியின் இன்றைய இளையோர்

இவ்வறிவு கண்டிப் பிரதேசத்தில் நடைமுறைக்கு வருவதற்கு மூன்று தடைகள் உள்ளன. அவற்றுள் முதலாவது பாடசாலை நாட்காட்டி. முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கியதும் சில வாரங்களுக்குள்ளேயே ஆண்டின் பயிற்சி முழுவதும் திணிக்கப்படுகின்றது. ஆண்டு முழுவதும் ஓடாத பிள்ளை திடீரென மரதன் ஓட்டத்துக்கு நிறுத்தப்படுகின்றது. திறமையுள்ள பிள்ளையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நூறு, இருநூறு, நானூறு மீற்றர், நீளம் பாய்தல், அஞ்சலோட்டம் ஆகிய யாவற்றிலும் இல்லத்துக்குப் புள்ளி ஈட்டித் தரும் பொறுப்பு அதனிடமே வந்துசேரும். வென்றால் வலயப் போட்டி, அதன்மேல் மாகாணப் போட்டி என்று படிகள் ஏறும். படிகளுக்கிடையில் அம்பலங்கள் இல்லை.

இரண்டாவது தடை நிலத்தின் அமைப்பு. சமதரையில் வகுக்கப்பட்ட பயிற்சித் திட்டம் மலைநாட்டில் அவ்வாறே செல்லாது. ஹந்தானை மலைச்சாரலில் மெதுவாக ஏறுவதும் இதயத்துக்குக் கடும் உழைப்பே. அதிலிருந்து இறங்குவது தொடைத் தசைகளை ஏறுவதினும் கூடுதலாக நோகச்செய்யும். எனவே மேடும் பள்ளமும் கொண்ட வழியிற் சென்ற நாளைத் தூரம் குறைவாயினும் கடின நாளாகவே கணித்தல் வேண்டும். இலகு நாளுக்கு ஏற்ற இடங்களும் இப்பிரதேசத்தில் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த கண்டி வாவியைச் சுற்றியுள்ள வழி மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடியது, ஏறக்குறையச் சமமானது, மரநிழல் பொருந்தியது. பேராதனையில் மகாவலிக் கரையோரச் சமநிலங்களும் அத்தகையனவே.

மூன்றாவது தடை யாவற்றிலும் பாரதூரமானது. தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் லயத்திலிருந்து பாடசாலைக்கு மலையிறங்கி வந்து மாலையில் மலையேறித் திரும்புகின்றனர். நீர் சுமத்தலும் விறகு சேர்த்தலும் வீட்டில் அவர்களை எதிர்நோக்கியிருக்கும். பயிற்றுநரின் ஏட்டில் 'ஓய்வு' என எழுதப்பட்ட நாளில் அப்பிள்ளை உண்மையில் ஓய்ந்திருப்பதில்லை. உணவின் நிலையும் இவ்வாறானதே. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 17 வீதமாகவும், தோட்டத்துறையில் 32 வீதமாகவும் இருந்தனர். உடைந்ததைக் கட்டியெழுப்ப உணவில்லாதவிடத்து ஓய்வும் தன் முழுப்பயனைத் தராது. மலையகப் பிள்ளைகள் இயல்பாகவே வலிய கால்களையுடையோர் என்னும் புகழ்ச்சி அடிக்கடி கேட்கப்படுகின்றது. அப்புகழ்ச்சி அவர்களின் களைப்பை மறைக்கும் திரையாகிவிடலாகாது.

இத்தடைகளுள் முதலிரண்டைப் பாடசாலைகளே நீக்கலாம். ஒரு பிள்ளை ஒரு நாளிற் பங்குபற்றும் நிகழ்ச்சிகளுக்கு எல்லை வகுத்தல், தகுதிச் சுற்றுகளையும் இறுதிப்போட்டிகளையும் இடைவெளிவிட்டு நடத்துதல், வாரத்தில் இரண்டு கடின நாட்களுக்கு மேற்படாது பயிற்சியை வகுத்து இடைநாட்களை இலகு ஓட்டத்துக்கும் ஓய்வுக்கும் ஒதுக்குதல் ஆகியவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மூன்றாவதற்குப் பயிற்றுநர் பிள்ளையின் வீட்டையும் வழியையும் அறிந்திருத்தல் வேண்டும். 'நேற்று எவ்வளவு ஓடினாய்?' என வினவுமுன் 'நேற்று எவ்வளவு நடந்தாய்? என்ன உண்டாய்?' என வினவுதல் பயனுடைத்து. பாடசாலையில் ஒரு வேளைச் சத்துணவும் ஓட்டப் பயிற்சியின் பகுதியே எனக் கொள்ளப்படுதல் வேண்டும்.

முடிவுரை

கண்டிப் பாதையில் ஓடிய அஞ்சற்காரரும், அம்பலம் கட்டிய ஊராரும், செடியைப் பேணிய தோட்டத்தாரும் தத்தம் துறைகளில் ஓய்வின் இன்றியமையாமையை அறிந்திருந்தனர். விளையாட்டுலகம் அதனைப் பிரைபேர்க்கிலும் ஒரிகனிலும் மீளக் கண்டறிந்தது. டங்கன் வைற்றின் நகரிற் பயிலும் இன்றைய பிள்ளைகளுக்கு அவ்வறிவு எட்டாதிருத்தல் நீதியன்று. பதினான்கு வயதிற் பரிசுகளை வாரிக் குவித்துப் பதினேழு வயதில் முழங்கால் நோவுடனோ மனச்சலிப்புடனோ மைதானத்தை விட்டகலும் பிள்ளைக்கு அப்பரிசுகளால் விளையும் பயன் சிறிதே. கொழுந்து துளிர்க்கும்வரை மலையிற் கைவைக்காத பொறுமை செடிக்குக் காட்டப்பட்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அப்பொறுமையை அம்மலைகளிலிருந்து ஓடிவரும் பிள்ளைகளுக்கும் காட்டும் காலம் எப்பொழுதோ வந்துவிட்டது.